ராப்பிட் பே பழைய இறங்குதுறையடியில் முக்குளிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிலெய்டுக்கு வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் கடலில் இறங்கிப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் முதலில் விசாரிக்கும் இடங்களில் ராப்பிட் பே ஒன்று. பல ஆண்டுகளாக அங்கே ஸ்நார்க்கலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேல்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) செய்தும், காற்றுச் சிலிண்டர் சுமக்கும் ஸ்கூபா கருவியோடு இறங்கியும் வருகிறேன் என்பதால், திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பது முறையான பயிற்சிக்கு ஈடாகாது. பயிற்சி பெற்ற பிறகு எங்கே, எப்போது, எப்படி இறங்குவது என்பதற்கு மட்டுமே இது உதவும்.

ராப்பிட் பே எங்கே இருக்கிறது? அங்கே இருக்கும் இடிபாடு எதனுடையது?

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், ஃப்ளூரியூ தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கும் சிறிய விரிகுடா இது. கார்னா என்னும் பழங்குடி மக்களின் நிலமான இக்கரையில் 1836 செப்டம்பர் 8 அன்று ‘ராப்பிட்’ என்ற பாய்மரக் கப்பலில் வந்து இறங்கிய கர்னல் வில்லியம் லைட்டின் நினைவாக, அக்கப்பலின் பெயரே இடத்துக்கும் நிலைத்தது. அடிலெய்டு நகரத்தை அளந்து வடிவமைத்தவர் அவர். பினாங்கிலிருந்து வந்த தமிழர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல: ஜார்ஜ் டவுனில் லைட் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் லைட்டின் மகன்தான் இவர், சிறு வயதைப் பினாங்கில் கழித்தவர்.

இடிபாடு அவ்வளவு பழையது அல்ல. கரைக்கு மேலே இருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து, எஃகு உருக்குவதற்குத் தேவையான கல்லைக் கப்பலில் ஏற்றுவதற்காக பி.எச்.பி. நிறுவனம் 1940-களின் தொடக்கத்தில் கட்டிய நீண்ட இறங்குதுறை அது. கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் கடலுக்குள் சென்று, முனையில் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல இரு பக்கமும் விரியும். சுரங்கக் கழிவைக் கடலோரத்தில் கொட்டியதால் கரையே கடல் பக்கமாக நகர்ந்திருக்கிறது. இன்று நாம் வண்டி நிறுத்திவிட்டு நடக்கும் கூழாங்கல் பரப்பின் பெரும்பகுதி அப்படி உண்டானதுதான். கப்பல் போக்குவரத்து நின்றபின் பராமரிப்பின்றிச் சிதைந்த அந்தத் துறை, 2004-ல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அதன் பக்கத்திலேயே மீன்பிடிப்பவர்களுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் என்று 240 மீட்டர் நீளத்தில் புதிய இறங்குதுறை ஒன்று 2009-ல் திறக்கப்பட்டது.

புதிய துறை இருக்கும்போது, இடிந்து கிடக்கும் பழையதை ஏன் தேடிப் போக வேண்டும்?

மேலிருந்து பார்ப்பவருக்கு அது துருவும் உளுத்த மரமும்தான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த மறுகணம் அந்த எண்ணம் மாறிவிடும்.

மணலும் கடற்புல்லும் பரந்த ஒரு கடலடியில், ஒட்டிப் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைப்பதுதான் பல உயிர்களுக்குப் பெரும்பாடு. கடற்பஞ்சு, மென்பவளம், கடற்குடுவை போன்றவை நகர்ந்து திரிந்து இரை தேடுவதில்லை. ஓரிடத்தில் ஒட்டி அமர்ந்து, நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கின்றன. இறங்குதுறையின் ஒவ்வொரு தூணும் அவற்றுக்குச் செங்குத்தாக எழுந்த பாறையைப் போன்றது. திறந்த பாறையில் வெயிலை நம்பி விரைந்து வளரும் பாசி இவற்றை மூடிவிடும். துறையின் மேல்தளம் தரும் நிழலில் பாசியால் அப்படி ஓங்க முடியாது. எனவே ஆழ்கடல் குகைகளில் காணும் வண்ணங்கள் இங்கே ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே கிடைக்கின்றன. ஒட்டியிருப்பவற்றைத் தின்ன நத்தைகளும் ஓடில்லாத நிறமிகு கடல்நத்தைகளும் வருகின்றன, அவற்றின் பின்னால் சிறு மீன்கள், சிறு மீன்களின் பின்னால் பெரியவை.

ஒரு தூணை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலிருந்து அடிவரை பத்து நிமிடம் பாருங்கள். அலை தொட்டு விலகும் உயரத்தில் கொட்டலசுகளும் மட்டிகளும் இருக்கும். அதற்குக் கீழே ஆரஞ்சும் மஞ்சளுமான கடற்பஞ்சு, கையளவு தடிப்பாகத் தூணைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். அதன் இடுக்குகளில், தொட்டால் மூடிக்கொள்ளும் வெள்ளை நட்சத்திரங்களைப் போல மென்பவளத்தின் வாய்கள் திறந்திருக்கும். இன்னும் கீழே, மணலைத் தொடும் இடத்தில், உதிர்ந்த சிப்பி ஓடுகளின் மேட்டில் ஒரு கணவாய் நிறம் மாற்றிக்கொண்டு நம்மைப் பார்த்தபடி இருக்கலாம். நூறு தூண்களை அவசரமாகக் கடந்து போனவர்களைவிட, நான்கு தூண்களைப் பார்த்தவர்கள் அதிகம் கண்டு திரும்புகிறார்கள் என்பது என் நெடுநாள் அனுபவம்.

லீஃபி சீடிராகனைப் பார்க்கலாம் என்கிறார்களே, அது என்ன? எங்கே தேடுவது?

பெரும்பாலோர் இங்கே வருவதே அதற்காகத்தான். கடற்குதிரையின் உறவினமான இந்த மீன் ஆஸ்திரேலியாவின் தென்கரையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கடல்சார் சின்னமும் இதுவே. முழு வளர்ச்சியில் ஓர் அடிக்குச் சற்று மேல் நீளம் இருக்கும். உடலெங்கும் இலைகளைப் போன்ற மடல்கள் தொங்கும். அந்த மடல்கள் நீந்த உதவுவதில்லை, மறைந்துகொள்ள மட்டுமே. கழுத்தோரத்திலும் முதுகிலும் இருக்கும், கண்ணாடியைப் போல ஒளி ஊடுருவும் சிறு துடுப்புகள்தாம் அதை நகர்த்துகின்றன. அவை அடிப்பது கண்ணுக்குத் தெரியாததால், பாசித் துணுக்கு ஒன்று அலையில் தானாக மிதந்து போவது போலவே தோன்றும். பாசித் துணுக்கு என்று நினைத்து நீங்கள் கடந்து போனவற்றில் எத்தனை லீஃபிகள் இருந்தன என்று சொல்வதற்கில்லை.

ஆகவே தேடும் முறை இது: துறையின் நடுவில் நின்று தேடாமல், தூண்வரிசை முடிந்து கடற்புல்லும் பாசியும் தொடங்கும் ஓரத்தில், மெதுவாக, தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் நகருங்கள். அலையின் வீச்சுக்குப் பாசி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கம் திரும்பும்போது, அந்த ஆட்டத்தோடு சேராமல் சற்றுப் பிந்தி நகரும் இலைக்கொத்து ஏதாவது தென்படுகிறதா என்று கவனியுங்கள். அதற்கு ஒரு கண்ணும் நீண்ட குழாய் வாயும் இருந்தால், அதுவே நீங்கள் தேடியது. பற்களோ இரைப்பையோ இல்லாத அந்த மீன், இறால் குஞ்சைப் போன்ற மைசிட் என்னும் சிற்றுயிர்களை அந்தக் குழாயால் உறிஞ்சித் தின்றுகொண்டே இருக்கும். மைசிட் கூட்டம் மூடுபனி போல மிதக்கும் இடத்தில் காத்திருப்பது பலன் தரும்.

வசந்த காலத்தின் பிற்பகுதியிலும் கோடையிலும் சென்றால், முட்டை சுமக்கும் ஆணைக் காணும் பேறு வாய்க்கலாம். பெண் இடும் ஏறத்தாழ 250 முட்டைகளை ஆண்தான் தன் வாலின் அடிப்புறத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, நான்கு முதல் ஆறு வாரம் வரை சுமந்து பொரிக்கிறது. இளஞ்சிவப்பு மணிகளைக் கோத்துக் கட்டியதைப் போல அவை மின்னும். நான் முதன்முதலாக அதைக் கண்டபோது, காற்று தீரும் அளவு வந்தும் மேலே வர மனமில்லாமல் நண்பர் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருந்தது. அப்படி மெய்மறப்பது ஆபத்து. உடன் வருபவர் வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்நார்க்கலிங் மட்டும் செய்தால் போதுமா, ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டுமா?

போதும். கரைக்குப் பக்கத்துத் தூண்கள் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன. தெளிந்த நாளில் மேலிருந்தே எல்லாம் தெரியும். முனையில் உள்ள ‘டி’ பகுதியில் ஆழம் ஒன்பது பத்து மீட்டரைத் தொடும். அங்கே தூண்களுக்கிடையே திரளும் மீன்கூட்டங்களை அருகிருந்து பார்க்க ஸ்கூபா வேண்டும். ஸ்கூபா கற்கத் தயங்குபவர்கள் ஒரு கோடை முழுவதும் ஸ்நார்க்கலோடு இக்கடலைப் பழகிவிட்டுப் பிறகு முடிவெடுப்பதே நல்லது.

எனக்கு நீச்சல் சரியாகத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரலாமா?

வேண்டாம். நம்மில் பலர் குளத்திலும் கிணற்றிலும் சிறு வயதில் பழகியதோடு சரி, சிலருக்கு அந்த வாய்ப்பும் கிடைத்ததில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கால் எட்டாத குளிர்ந்த நீரில், இருநூறு மீட்டருக்கு மேல் கரையிலிருந்து விலகி, தூண்களுக்கிடையே அலையில் ஆடியபடி இருக்கும்போது பதற்றம் வந்தால், மிதவை உயிரைக் காக்குமே தவிர பதற்றத்தைத் தணிக்காது. நீச்சல்குளத்தில் நிற்காமல் இருநூறு மீட்டர் நீந்தவும், கால் ஊன்றாமல் பத்து நிமிடம் மிதக்கவும் முடிந்த பிறகு வாருங்கள். பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரும் வகுப்புகள் அடிலெய்டின் பொது நீச்சல்குளங்களில் நடக்கின்றன.

எந்த நாளில், எந்தக் காற்றில் போவது?

விரிகுடா வடமேற்கைப் பார்த்திருக்கிறது. எனவே தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் காற்றைப் பின்னால் உள்ள குன்றுகள் தடுத்துவிடும். கடல் தட்டையாகக் கிடக்கும். நம் கடற்கரைகளில் வாடை என்று சொல்லும் வடகாற்றோ கச்சான் என்று சொல்லும் மேல்காற்றோ வீசினால் அலை நேராகத் துறைக்குள் புகுந்து, அடிமண்ணைக் கலக்கி, நம்மைத் தூணோடு மோதவைக்கும். அடிலெய்டில் வெயில் கொளுத்தும் கோடை நாட்களில் பெரும்பாலும் வடகாற்றுதான் வீசும் என்பதால், கடலுக்குப் போகலாம் என்று தோன்றும் நாளே ராப்பிட் பேக்கு ஒவ்வாத நாளாக இருக்கக்கூடும். வண்டியை எடுக்குமுன் காற்றின் திசையைப் பாருங்கள்.

ஓதத்தைப் பொறுத்தவரை, ராப்பிட் பே அமைந்திருக்கும் செயின்ட் வின்சென்ட் வளைகுடாவுக்கு ஒரு விந்தை உண்டு. பெரும்பாலான கடல்களில் நிலவின் இழுப்பால் எழும் ஓதம், சூரியனால் எழுவதைவிட இருமடங்குக்கும் மேல் பெரியது. இந்த வளைகுடாவில் இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் அமைந்துவிட்டன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் கூடி நீர்மட்டம் நன்றாக ஏறி இறங்கும். அரைநிலா நாட்களை ஒட்டி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ஒரு முழு நாள்கூட நீர்மட்டம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இதை இங்குள்ளவர்கள் ‘டாட்ஜ் டைட்’ என்கிறார்கள். நீரோட்டம் தளர்ந்து, மிதக்கும் தூசி அடியில் படிந்து, பார்வை நீளும் நாள் அது. நாட்காட்டியில் அஷ்டமி, நவமி பார்ப்பவர்களுக்கு இது எளிது: அவற்றையொட்டிய ஓரிரு நாட்களில் தென்காற்றும் அமைந்துவிட்டால், விடுப்பு எடுத்தாவது போகலாம்.

தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும்?

கோடை முடிவில் 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். ஆகஸ்டில் 13 வரை இறங்கும். மன்னார் வளைகுடாவிலோ பினாங்கிலோ குளித்துப் பழகிய உடம்புக்கு இரண்டுமே குளிர்தான். கோடையில் ஐந்து மில்லிமீட்டர், மற்ற மாதங்களில் ஏழு மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட்டும் (உடலை ஒட்டி அணியும் ரப்பர் உடை), தலைக்கு மூடியும் வேண்டும். தடித்த வெட்சூட் மிதக்கவைக்கும் என்பதால், மூழ்கிப் பார்க்க விரும்பும் ஸ்நார்க்கல்காரர்களும் ஈயக்கட்டி கோத்த இடுப்புப்பட்டை அணிவார்கள்; நெருக்கடியில் ஒரே கையால் அதை அவிழ்த்து எறியக் கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள். நடுக்கம் தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும், ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று இழுக்கக் கூடாது.

தண்ணீருக்குள் இறங்குவது எப்படி?

புதிய துறையின் முனைப் பக்கத்தில் முக்குளிப்பவர்கள் இறங்குவதற்கான படிக்கட்டு உண்டு. அங்கே இறங்கி, பழைய துறையை நோக்கி நீந்தினால் சில நிமிடங்களில் தூண்களை அடையலாம். பெரும் அலைக்குப் பிறகு படிக்கட்டோ துறையோ பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. ஸ்கூபா கருவியைச் சுமந்துகொண்டு 240 மீட்டர் நடப்பது களைப்பான வேலை. முனைக்குப் போய்ச் சேர்ந்ததும் உட்கார்ந்து மூச்சு சீரான பிறகே இறங்க வேண்டும். ஸ்நார்க்கல்காரர்கள் கடற்கரையிலிருந்தே நீந்திப் போவதுண்டு.

புதிய துறையில் தூண்டில் போடுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கும் அந்த இடத்தில் நமக்குள்ள உரிமை உண்டு. இறங்குமுன் ஒரு வணக்கம் சொல்லி, எந்தப் பக்கம் நீந்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் அவர்களே நூலைச் சுருட்டிக்கொள்வார்கள். அறுந்த தூண்டில் நூல் தூண்களில் சிக்கிக் கிடக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அது காலில் சுற்றினால் அறுப்பதற்கு ஒரு சிறு கத்தியோ கத்தரியோ ஸ்கூபாக்காரர் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். மேலே படகுகளுக்குத் தெரியும்படி நீலமும் வெள்ளையுமான முக்குளிப்புக் கொடியை மிதவையில் கட்டி இழுத்துச் செல்லுங்கள். காற்று நிரப்பிய சிலிண்டரை அடிலெய்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவது நலம்.

பத்து மீட்டர்தானே ஆழம்? இதில் என்ன ஆபத்து இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது, ஏனென்றால் ஆழம் குறைந்த இடத்துக்கே உரிய ஆபத்துகள் உண்டு.

ஸ்கூபாவில் முதல் விதி மூச்சை அடக்காமலிருப்பது. முப்பது மீட்டரிலிருந்து இருபது மீட்டருக்கு ஏறும்போது நுரையீரலில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். பத்து மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வரும்போது இருமடங்காகும். ஆகவே அழுத்தம் மிக வேகமாக மாறுவது கடைசிச் சில மீட்டர்களில்தான். அங்கே பதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால், ஒன்றரை மீட்டர் ஏற்றமேகூட நுரையீரலைக் கிழிக்கப் போதுமானது.

மூச்சடக்கி மூழ்கும் ஸ்நார்க்கல்காரருக்கு வேறொரு ஆபத்து. மூழ்குமுன் பலமுறை வேகமாக இழுத்து விட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அப்படிச் செய்வதால் உடலில் பிராணவாயு குறிப்பிடும்படி கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு விடச் சொல்லி மூளையை உந்துவது அந்தக் கரியமில வாயுவே. உந்துதல் வராத நிலையில் பிராணவாயு தீர்ந்துபோய், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நினைவிழந்து மூழ்கிவிடுகிறார்கள். மூன்று மீட்டர் ஆழ நீச்சல்குளங்களில் நல்ல நீச்சல்காரர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். இயல்பாக மூச்சு விடுங்கள். ஒருமுறை மூழ்கி வந்தால், மூழ்கிய நேரத்தைப் போல இருமடங்கு மேலே ஓய்வெடுங்கள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காது வலித்தால் மூக்கைப் பொத்தி மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமப்படுத்துங்கள். சரியாகவில்லை என்றால் சற்று மேலே வந்து முயலுங்கள். சளி பிடித்த நாளில் மூழ்கவே கூடாது. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ விமானம் ஏறும் முன்பு, ஒரே ஒரு ஸ்கூபா இறக்கம் என்றால் 12 மணி நேரமாவது, அடுத்தடுத்த இறக்கங்கள் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஏதேனும் நேர்ந்தால் 000 எண்ணை அழைத்து, முக்குளித்த விவரத்தைத் தவறாமல் சொல்லுங்கள்.

விஷமுள்ள உயிர்கள் இருக்கின்றனவா? சுறா வருமா?

நீல வளைய ஆக்டோபஸ் இங்கே உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அது, காலி சிப்பிகளிலும் கீழே கிடக்கும் பாட்டில்களிலும் ஒளிந்திருக்கும். சினமூட்டும்போதுதான் நீல வளையங்கள் ஒளிரும். அதன் கடி வலிக்காமலேயே மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்; அதற்கு மாற்று மருந்து கிடையாது, மருத்துவ உதவி வரும்வரை செயற்கைச் சுவாசம் தருவதே வழி. எதையும் கையில் எடுக்காதவரை அதனால் உங்களுக்குத் தீங்கு வராது. முள்ளில் விஷமுள்ள சில மீன்கள் தரையில் படிந்திருக்கும். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் மிதந்தபடியே பார்க்க வேண்டும்.

தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் வெள்ளைச் சுறா வாழ்கிறது; இம்மாநிலத்தில் அதன் தாக்குதலால் உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. இத்தனை ஆண்டில் ராப்பிட் பேயில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை என்றாலும், வர வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தி வேளையைத் தவிருங்கள், மீன் கழிவு கொட்டிய நீரில் இறங்காதீர்கள், கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அன்று திரும்பிவிடுங்கள்.

பழைய துறை இடிந்து தலையில் விழுமா?

விழக்கூடும். மேல்தளத்தின் துண்டுகள் ஏற்கெனவே ஆங்காங்கே உதிர்ந்திருக்கின்றன. வேலியைத் தாண்டி அதன்மேல் நடப்பதற்கு அனுமதி இல்லை. அதை மீறுவது மடமை. நீருக்கடியில் நான் கடைப்பிடிக்கும் வழக்கம்: தொங்கிக்கொண்டிருக்கும் கட்டைக்கு நேர்கீழே நிற்பதில்லை, அலை இருக்கும் நாளில் துறையின் வெளிவரிசைத் தூண்களைத் தாண்டி உள்ளே போவதில்லை, உடைந்து சாய்ந்த பகுதிகளுக்குள் நுழைவதில்லை, அடியிலிருந்து நேர்மேலே ஏறாமல் பக்கவாட்டில் திறந்த நீருக்கு வந்து ஏறுவது. வெளியோரத்திலிருந்து பார்த்தாலே தூண்களுக்கிடையே விழும் ஒளிக்கதிர்களும் அவற்றினூடே திரும்பும் மீன்கூட்டமும் முழுமையாகத் தெரியும்.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். கேமராவின் பளிச்சொளியைத் திரும்பத் திரும்ப லீஃபியின் கண்ணில் அடிக்காதீர்கள். அதன் முகத்தைப் பார்ப்பதற்காகச் சுற்றிவளைத்து, பாசியை விட்டு வெளியே துரத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே தள்ளிக்கொண்டு வருபவர்களையும் கண்டிருக்கிறேன். அம்மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையால் ஆழ மாற்றத்துக்கு விரைந்து ஈடுகொடுக்க முடியாது, அது உயிருக்கே கேடாகும். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம் அது. ஒரு கை நீளத்துக்கும் அப்பால், அதற்குப் பக்கவாட்டில் நின்று காத்திருந்தால், தானாகவே திரும்பும்.

பக்கவாட்டில் எடுத்த தெளிவான படத்துக்கு வேறொரு பயனும் உண்டு. ஒவ்வொரு லீஃபியின் முகத்திலும் உடலிலும் உள்ள கோடுகளும் புள்ளிகளும் நம் கைரேகையைப் போல வேறுபடும். ‘சீடிராகன் சர்ச்’ என்ற திட்டம், முக்குளிப்பவர்கள் அனுப்பும் படங்களைக் கொண்டு தனித்தனி மீன்களை அடையாளம் கண்டு தொடர்ந்து கவனிக்கிறது. தேதியும் இடமும் குறித்து அனுப்புங்கள்.

சிப்பி, பழைய ஆணி, மரத்துண்டு ஏதாவது நினைவுக்கு எடுத்து வரலாமா?

எதையும் எடுக்க வேண்டாம். காலிச் சிப்பி என்று நீங்கள் எடுப்பது ஒரு துறவி நண்டின் அடுத்த வீடு. நீங்கள் பெயர்க்கும் ஆணியின் மேல் பத்தாண்டு வளர்ந்த கடற்பஞ்சு இருக்கும். எடுத்து வர வேண்டியவை தூண்டில் நூலும் பிளாஸ்டிக்கும்தான்; அவற்றிலும் உயிர் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

குழந்தைகளோடு போக இதைவிட எளிய இடம் உண்டா?

வடக்கே போர்ட் வில்லுங்காவுக்குப் போங்கள். பலகைக்கல்லைக் கப்பலேற்ற 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய இறங்குதுறையின் எஞ்சிய மரத்தூண்கள் அங்கே கரையோர மணலிலும் ஆழமில்லாத நீரிலும் நிற்கின்றன. இடுப்பளவு நீரில் நின்று, முகக்கண்ணாடி அணிந்த குழந்தை குனிந்து பார்த்தாலே தூணடி மீன்களைக் காணலாம். பக்கத்துச் செங்குத்துப் பாறையில் மீனவர்கள் படகு வைக்கக் குடைந்த குகைகள் உண்டு. மதிய வெயிலுக்கு அவை நல்ல நிழல். அதே கரையில்தான் 1888 ஜூலை 13 அன்று ‘ஸ்டார் ஆஃப் கிரீஸ்’ என்ற பாய்மரக் கப்பல் புயலில் தரைதட்டி உடைந்தது. கண்ணெதிரே சுமார் இருநூறு மீட்டர் தொலைவில் பலர் மாண்டதைக் கரையிலிருந்தவர்களால் தடுக்க முடியவில்லை. கடல் அமைதியான நாளில் அனுபவமுள்ள ஸ்நார்க்கல்காரர்கள் அதன் இரும்பு எச்சங்களைக் காணப் போவதுண்டு. அந்த எச்சங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, தொடக் கூடாது.

2025-ல் நச்சுப்பாசி பெருகியதே, இப்போது பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நான் கனத்த மனத்தோடுதான் விடை சொல்கிறேன். 2024-ன் பிற்பகுதியிலிருந்து இக்கடல் இயல்பைவிட வெகுவாகச் சூடேறியிருந்தது. 2025 மார்ச்சில் ஃப்ளூரியூ கரையில் கரீனியா என்னும் நுண்பாசி பெருகத் தொடங்கி, மாதக்கணக்கில் வளைகுடா முழுவதும் பரவியது. மீன்களின் செவுளைத் தாக்கும் அந்தப் பாசியால் திருக்கை, சுறா, நண்டு, சிப்பி என்று எண்ணிலடங்கா உயிர்கள் கரையொதுங்கின. அவற்றில் லீஃபிகளும் இருந்தன. கடற்குதிரையைப் போல வாலால் எதையும் பற்றிக்கொள்ளத் தெரியாத, விரைந்து நீந்தி விலகவும் முடியாத உயிர் அது.

எனவே இனி போகிறவர்கள் பழைய படங்களில் உள்ள அத்தனையையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. நீர் நுரைத்துப் பழுப்பேறியிருந்தாலோ, கரையில் நின்றதும் கண் எரிந்து இருமல் வந்தாலோ இறங்காதீர்கள். மாநில அரசு வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். எந்தத் தூணில் கடற்பஞ்சு மீண்டும் துளிர்க்கிறது, எந்த ஓரத்தில் லீஃபி தென்படுகிறது என்பதைத் தொடர்ந்து இறங்கிப் பார்க்கும் கண்கள்தாம் சொல்ல முடியும்.

பழைய துறையை முழுவதும் அகற்றிவிடுவது நல்லதில்லையா?

பாதுகாப்பு கருதி அப்படிக் கேட்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நீருக்கு மேலே ஆபத்தாகத் தொங்குவதை மட்டும் அகற்றிவிட்டு, நீருக்குள் நிற்பதை நிற்கும்வரை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. மேல்தளம் போனால் நிழல் குறையும், வெயில் படும் தூண்களில் பாசி ஏறும், நிழலை நம்பிய கடற்பஞ்சுகள் சில மறையும். சாய்ந்து விழும் தூண்கள் அடியில் கிடந்து, நண்டுக்கும் கணவாய்க்கும் வேறு வகையில் இடம் தரும். புதிய துறையின் தூண்களிலும் ஒட்டுயிர்கள் குடியேறியிருக்கின்றன, ஆனால் பழையதன் அடர்த்தி அதில் இன்னும் இல்லை. எண்பது ஆண்டுகளாகத் தடித்த போர்வையை ஒரு கோடையில் உரித்தெடுத்துவிடலாம். மீண்டும் அந்த அளவுக்கு வளர்வதைப் பார்க்க நம்மில் யாரும் இருக்க மாட்டோம்.